தற்செயலாகச் சந்திக்க மூன்று மாத ஏற்பாடு

கடற்கரைக்குக் கொண்டுபோகிற பெட்டிக்குள் காஞ்சிபுரச் சேலை எதற்கு என்று மகள் கேட்டாள். என் மனிசி பவானி ஒரு கணமும் யோசிக்காமல், "பின்னேரத்தில அங்க குளிருமாம்" என்றாள். ஓகஸ்ட் மாதம். மத்தியதரைக் கடல். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பிரிட்ஜுக்கு மேலே இருந்த முருகன் படத்தைப் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாதவனுக்குப் பார்ப்பதற்கு ஒரு இடம் வேண்டும்தானே.

நாங்கள் ஷார்ஜாவில், ரோலாவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறோம். நான் கட்டடச் சாமான் கம்பனி ஒன்றில் ஸ்டோர்கீப்பர். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. லீவு என்றால் எங்களுக்கு ஊருக்குப் போவதுதான். சும்மா கடல் பார்ப்பதற்காக இன்னொரு நாட்டுக்குப் போகிறேன் என்று லீவுக் கடிதம் கொடுத்தபோது, மலையாளி மனேஜர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பாய், உடம்புக்கு ஏதும் வருத்தமா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

வருத்தம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைதான்.

யாழ்ப்பாணத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசத் தொடங்குவதற்கு முதல் இரண்டு வீட்டாரும் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பார்கள். அது தற்செயல் இல்லை என்பது ஐயர் முதற்கொண்டு எல்லாருக்கும் தெரியும். பிடித்தால் பேச்சுத் தொடரும். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தோம், கும்பிட்டோம், போனோம். ஒருவருக்கும் முகம் கறுக்காது. எங்கள் மகள் நிவேதாவுக்கு வந்த மாப்பிள்ளை இருப்பது ஜேர்மனியில். இடையில் இருக்கிற பொதுக் கோயில் எது?

அதற்கு வழி சொன்னவர் இராசாத்தி அக்கா. கனடாவில் இருந்துகொண்டு வட்ஸ்அப்பிலேயே உலகம் முழுவதுக்கும் கலியாணம் பேசுகிறவர். "பவானி, மாப்பிள்ளை வீட்டார் ஓகஸ்ட் கடைசியில மெயிஸ் எண்டொரு தீவுக்கு லீவில போகினம். நீங்களும் பக்கத்தில எங்கையாவது போய் நில்லுங்கோ. தற்செயலாய்க் கண்ட மாதிரி இருக்கும். சுத்த சைவக் குடும்பம். முட்டை கூட மணக்காது." இந்தக் குரல்பதிவை பவானி ஏழு தரம் கேட்டாள். பிறகு போனில் வரைபடத்தைத் திறந்து தீவைக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்தில் இருந்த காஷ் என்ற ஊரைத் தொட்டாள். துருக்கி நாட்டுக் கரை. "இஞ்சருங்கோ, இதில இருந்து அதுக்கு, யாழ்ப்பாணத்தில இருந்து காரைநகர் போற தூரம் கூட இல்லை" என்றாள். மகளுக்கு மட்டும் ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவானது. அவளுக்கு வயது இருபத்தொன்பது. டுபாயில் ஒரு பல் டாக்டரிடம் வேலை, போய்வருவது பஸ்ஸில். சொன்னால் வரமாட்டாள்.

ஆனால் என் கவலை வேறு விசயத்தில்.

மூன்று வருடத்துக்கு முதல் கொழும்பில் ஒரு இடம் பேசி முற்றாகி, கார்டும் அடித்தாயிற்று. அந்தப் பொடியன் மகளுக்கு ஒரு நாளைக்கு இருபது தரம் போன் எடுப்பான். எங்கே நிற்கிறாய், பக்கத்தில் ஆர், படம் எடுத்து அனுப்பு. ஒரு நாள் டியூட்டியால் வந்த பிள்ளை சப்பாத்தைக் கூடக் கழற்றாமல், "அப்பா, எனக்குப் புருசன் வேணும், காவல்காரன் வேண்டாம்" என்றாள். நான் அடுத்த நாளே மண்டபத்துக்குப் போன் பண்ணி நிறுத்தினேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை. என் பிள்ளையை நினைத்து மனதுக்குள் பெருமைதான். பவானிக்கு அப்படி இல்லை. "முற்றாகிக் குழம்பின சம்பந்தமெண்டால் ஆயிரம் கதை கட்டுவினம். நீங்கள் ஓட்டைவாய். முருகனுக்கு முன்னால சொல்லுங்கோ" என்று கற்பூரத்தைக் கொளுத்திவிட்டாள். 'மாப்பிள்ளை பகுதிக்கு என் வாயால் சொல்லமாட்டேன்' என்று நான் சத்தியம் பண்ணினேன். அன்றிலிருந்து படத்துக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம், முருகன் என்னை ஸ்டோரில் சாமான் குறைந்தபோது ஓடிற்றர் பார்க்கிற மாதிரிப் பார்க்கத் தொடங்கினார். ஒளித்து வைத்துக் கட்டிக்கொடுத்தால், நாளைக்கு அது பிள்ளையின் தலையில் அல்லவா விடியும்?

இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் லீவு விழுந்தது நல்லூர்த் திருவிழா நாட்களில். கொடியேறினால் தீர்த்தம் வரைக்கும் எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. மீன் வாசமே வீசுகிற கரைக்கு, மீன் தொடக்கூடாத மாதத்தில் போகிறோம். "முருகன்ர சோதனை" என்றேன். "வடிவாய்ப் பாஸ் பண்ணுங்கோ" என்றாள் பவானி.

விமானத்தால் இறங்கி ஒரு சின்ன பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் போனோம். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல். ஷார்ஜாவில் ரோட்டு என்றால் அளவுகோல் வைத்துக் கீறின கோடு. இது ஆரோ கோபத்தில் எறிந்த கயிறு மாதிரி இருந்தது. பவானி கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, சாரதி ஒரு போத்தலோடு உள்ளே வந்து ஒவ்வொருவரின் உள்ளங்கையிலும் ஏதோ வார்த்துக்கொண்டு வந்தார். எலுமிச்சம்பழ வாசம். கையை நீட்டு என்று சொல்லி ஒருவர் வார்த்தால் நமக்கு வேறு என்ன நினைவு வரும்? நான் பயபக்தியோடு வாங்கி, உறிஞ்சிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டேன்.

அது கை துடைக்கிற வாசனைத் தண்ணீராம். தொண்டை எரிந்தது. பஸ் முழுக்கச் சிரித்தது. சாரதி என் முதுகில் தட்டி ஏதோ சொன்னார். பின்னால் இருந்த பெண் அதை மகளுக்கு இங்கிலீசில் சொல்ல, மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்: "இருபது வருசமாய் வாக்கிறாராம். குடிச்ச முதல் ஆள் நீங்கள்தானாம்."

காஷ் ஒரு கைக்குள் அடங்குகிற ஊர். மூன்று தெரு, ஒரு துறைமுகம், வெள்ளை வீடுகள், ஒவ்வொரு சுவரிலும் ஊதாக் காகிதப்பூ. எதிரே கடலுக்குள் மெயிஸ் தீவு. அங்கே ஆரோ கொடியில் உடுப்புக் காயப்போட்டால் இங்கிருந்து எண்ணலாம் போல. பவானி அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை குளித்து, திருநீறு பூசி, கப்பல் ரிக்கற் எடுக்கப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் எங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினாள். அந்தத் தீவு கிரேக்க நாடாம். அதற்கு வேறு விசாவாம். எங்களிடம் இல்லை.

"தண்ணிக்குள்ள எப்பிடி நாடு மாறும்?" என்று பவானி கேட்டாள்.

"எங்கட ஊர்க் கடலில இலங்கை, இந்தியாவெண்டு மாறேல்லையே? மீன்பிடிக்கப் போற சனத்தைக் கேட்டுப் பாரும்" என்றேன்.

மகள் கறுப்புக் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, "நாங்கள் ஏனப்பா அங்க போகவேணும்? கடல் இஞ்சயும்தானே இருக்கு" என்றாள்.

"அங்க ஒரு சேர்ச் வடிவாம்" என்றாள் பவானி. பிரதோசம் தவறாத மனிசி. மகள் கறுப்புக் கண்ணாடியைத் திரும்ப இறக்கிவிட்டாள். சிரிப்பை அடக்கின மாதிரி இருந்தது.

அறைக்குத் திரும்பியதும் பவானி குளியலறைக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் கனடாவோடு கதைத்தாள். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஜேர்மன் பாஸ்போர்ட். எந்தத் தண்ணீரையும் தாண்டுவார்கள். வெள்ளிக்கிழமை காலைக் கப்பலில் இங்கே வருகிறார்களாம். நாலு மணிக் கப்பலில் திரும்பிவிடுவார்களாம்.

புதன்கிழமை எங்கள் கையில் சும்மா இருந்தது. துருக்கிப் பக்கத்துக் குட்டித் தீவுகளைச் சுற்றிக்காட்டுகிற படகில் ஏறினோம். கடல் இப்படி நீலமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஷார்ஜாக் கடல் இந்த மாதத்தில் சுடவைத்த சூப். இது ஐஸ் போட்ட தண்ணி. வெள்ளைக்காரர் மேலிருந்து பொத் பொத்தென்று குதித்தார்கள். பவானி சேலையோடு படியில் இருந்து காலை மட்டும் நனைத்தாள். மத்தியானம் படகிலேயே மீன் வாட்டினார்கள். நாங்கள் தக்காளிச் சலாதும், கோதுமைச் சோறும், திராட்சை இலைக்குள் சோறு வைத்துச் சுருட்டின ஒன்றும் சாப்பிட்டோம். அந்த இலைச் சுருள் நல்ல ருசி. மீன் வாசம் அதைவிட நல்ல ருசி. முருகா, மன்னித்துக்கொள்.

இங்கே இரண்டரை மணி என்றால் ஊரில் ஐந்து மணி, நல்லூரில் பின்னேரத் திருவிழா தொடங்குகிற நேரம். போனில் நேரலை வந்தது. நான் கப்டனிடம் போய்ப் பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கையால் காட்டினேன். அவர் நிறுத்தியே விட்டார். வெறும் காலோடு மேல்தட்டில் நின்று கும்பிட்டோம். சுற்றிவர ஈர உடம்புகள், நடுவில் போனுக்குள் நல்லூரான். கப்டன் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள்: "ஈட்டி வச்சிருக்கிறாரே, மீன் பிடிக்கிறவரோ எண்டு கேக்கிறார்."

"இல்லை, இவருக்காகத்தான் இந்த மாதம் மீனை விட்டிருக்கிறம் எண்டு சொல்லு."

அவர் யோசித்துவிட்டுச் சொன்ன மறுமொழி: "அப்ப உங்களைவிட மீன்கள்தான் இவரைக் கும்பிடவேணும்."

வியாழக்கிழமை பவானியும் மகளும் கடைத்தெருவுக்குப் போனார்கள். நான் துறைமுகத்துத் தேநீர்க்கடையில் இருந்தேன். சின்னக் கண்ணாடிக் கிளாஸில் சிவத்த தேத்தண்ணி. ரோலாவில் பால் விட்டுக் காய்ச்சின கரக் தேத்தண்ணி குடித்துப் பழகின வாய்க்கு அது ஒரு மிடறுக்குக் காணாது. மூன்றாவது கிளாஸில் பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி யாழ்ப்பாணமோ?"

திரும்பினேன். அறுபது வயது இருக்கும். நன்றாக அயன் பண்ணின சேட். முன்னால் ஒரு பீங்கான் நிறைய வாட்டின கணவாய். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. நான்கு நாட்களாக எங்கள் மூவரைத் தவிர ஒரு தமிழ்க் குரல் கேட்கவில்லை. தன் பெயர் சிவம் என்றார். நோர்வேயில் ஒஸ்லோவாம், தனியாகச் சுற்றுலா வந்தவராம். கணவாயை என் பக்கம் தள்ளினார்.

"நல்லூர் கொடியேறிட்டுது அண்ணை."

அவர் கை அந்தரத்தில் நின்றது. "ஓம் என்ன... எனக்கு டாக்குத்தர்தான் சொன்னவர், புரதம் வேணுமெண்டு. மனிசி அங்கால தீவில..." என்று தொடங்கி இருமினார். "மனிசி ஒஸ்லோவில நிக்கிறா."

எனக்கு அப்போது ஒன்றும் ஓடவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரு மகள், வேலை செய்கிறாள் என்றேன். எப்படிக் குணம், கோபம் வருமோ, சமைப்பாவோ, சாமி கும்பிடுவாவோ. கேள்விமேல் கேள்வி. பிறகு மிகவும் சாதாரணமாக, "பல்லு டாக்குத்தரிட்ட வேலையெண்டால் சனிக்கிழமையும் டியூட்டி இருக்குமே?" என்றார்.

பல் டாக்டர் என்று நான் சொல்லவேயில்லை.

கிளாஸை மெதுவாக வைத்தேன். எங்கள் ஆட்களிடம் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. சம்பந்தம் செய்ய முதல் அந்தக் குடும்பத்தைப் பற்றி அக்கம்பக்கத்தில் இரகசியமாக விசாரிப்பது. சந்திக் கடையில், சலூனில், தபால்காரனிடம். இந்த ஊரில் எங்களைத் தெரிந்த அக்கம்பக்கம் ஆர்? ஒருவரும் இல்லை. அதனால் மனிசன் ஒரு நாள் முந்திக் கப்பல் ஏறி வந்து, என்னைப் பற்றி என்னிடமே விசாரிக்கிறார்! முட்டை கூட மணக்காத குடும்பத்துத் தலைவர், வாயில் கணவாயோடு.

சிரிப்பு வந்தது. அடக்கினேன். அடுத்த கணம் ஒரு யோசனை வந்தது. இவருக்குச் சொல்லிவிட்டால்? 'மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லமாட்டேன்' என்றுதான் சத்தியம். ஒஸ்லோச் சிவத்துக்குச் சொல்லமாட்டேன் என்று நான் எந்தக் கற்பூரத்துக்கு முன்னாலும் சொல்லவில்லை. இவர் ஆர் என்று இவரே என்னிடம் சொல்லியாயிற்று. பெரியவர் சொன்னதை நம்பாமல் விடலாமோ? இப்படி ஒரு ஓட்டையைத் திறந்துவிட்டது முருகன்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். தவறு என்றால் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

"சிவம் அண்ணை, நீங்கள் வழியில கண்ட மனிசன். அதால மனசு விட்டுக் கதைக்கிறன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கொழும்புச் சம்பந்தம், அடித்த கார்டு, இருபது போன், காவல்காரன், மண்டபம். அவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பிள்ளைதான் வேண்டாமெண்டவவோ, நீங்கள் நிப்பாட்டினியளோ?"

"அவள் வேண்டாமெண்டாள். நான் நிப்பாட்டினன்."

"இப்ப கவலையோ?"

"அதுக்குக் கவலை இல்லை அண்ணை. அதை ஒளிக்கிறமே, அதுக்குத்தான். நாளைக்கு ஒரு பொடியன் பாக்க வாறான். அவனுக்குப் பின்னடிக்கு வேற ஆரும் சொல்லி, என்ர பிள்ளை தலை குனிஞ்சு நிக்கவேணுமோ? அவள் தலை நிமிர்ந்து செய்த வேலையெல்லோ அது?"

 அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  எழும்பி, "எனக்குக் கப்பலுக்கு நேரமாச்சு" என்றார்.

"ஒஸ்லோவுக்குக் கப்பலோ அண்ணை?"

ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு விறுவிறென்று துறைமுகப் பக்கம் நடந்துவிட்டார். பீங்கானில் பாதிக் கணவாய் கிடந்தது. நான் அதையும் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

பவானிக்கு மூச்சும் விடவில்லை. நாளைக்கு அந்தக் கப்பலில் ஆட்கள் இறங்கினால் என் பிள்ளைக்கு நல்லது. இறங்காவிட்டால் அவளுடைய வாழ்வைக் கெடுத்தவன் நான். 

வெள்ளிக்கிழமை பத்து இருபதுக்குக் கப்பல் வந்தது. பல்கனியில் நின்று பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் இறங்கியது. பிறகு ஒரு அயன் பண்ணின சேட். பக்கத்தில் சிவப்புச் சேலையில் ஒரு அம்மா. பின்னால் உயரமாக ஒரு பொடியன், அம்மாவின் கைப்பையையும் தூக்கிக்கொண்டு. நான் அறைக்குள் ஓடினேன்.

"வெளிக்கிடுவம்" என்றேன்.

"விசரோ உங்களுக்கு? பத்தரைக்கு ராகுகாலம். பன்ரெண்டு மட்டும் அவையின்ர கண்ணில படக்கூடாது" என்றாள் பவானி. அறையைப் பத்தரைக்கே காலி பண்ணவேண்டும். மூன்று தெரு ஊரில் ஒன்றரை மணித்தியாலம் எங்கே போவது? நாங்கள் செருப்புக் கடைக்குள் நுழைந்தோம். கண்ணாடிக்கு வெளியே சிவப்புச் சேலை வந்தது. பின் வாசலால் ஓடினோம். ரொட்டிக் கடைக்குள் போனால் உயரப் பொடியன் உள்ளே ரொட்டி வாங்கிக்கொண்டு நிற்கிறான். அவனுடைய அம்மா அவனைப் பிடரியில் பிடித்து மறுபக்கம் திருப்பினார். அவர்களும் ராகுகாலம் பார்க்கிற ஆட்கள்! தற்செயலாகச் சந்திக்க மூன்று மாதம் ஏற்பாடு செய்த இரண்டு குடும்பம், சந்தித்துவிடாமல் இருப்பதற்காக ஊர் முழுக்க ஒளித்து விளையாடியது. காஞ்சிபுரச் சேலையைப் பவானியே உடுத்தியிருந்தாள். மகள் ஜீன்ஸோடு பின்னால் நடந்து வந்தபடி, "அம்மா, அந்த ஆளை நான் மூண்டு தரம் பாத்திட்டன். இனி என்ன மிச்சம்?" என்றாள்.

"எந்த ஆள்?" என்றாள் பவானி.

பன்னிரண்டு ஐந்துக்கு ஐஸ்கிரீம் கடை வாசலில் இரண்டு பகுதியும் நேருக்கு நேர் வந்தது. "அட, நீங்கள் தமிழோ?" என்று அந்த அம்மா ஆச்சரியப்பட்டார். "ஐயோ, நீங்களுமோ?" என்று பவானி அதைவிட ஆச்சரியப்பட்டாள். தன் பெயர் குலசேகரம் என்றார் ஒஸ்லோச் சிவம். "சந்தோசம்" என்று கை கொடுத்தேன். அவர் கை வேர்த்திருந்தது. ஒரே மேசையில் இருந்தோம்.

"எங்கட இவர் கொடியேறினால் வெங்காயமும் தொடமாட்டார்" என்றார் அந்த அம்மா.

குலசேகரம் அண்ணை மேலே மின்விசிறியைப் பார்த்தார். பார்ப்பதற்கு ஒரு இடம் அவருக்கும் தேவைப்பட்டது.

மகள் கரண்டியை வைத்தாள். "அன்ட்ரி, சொறி. எனக்கு ஷார்ஜாவிலயே தெரியும், எதுக்கு வந்தனாங்கள் எண்டு. அம்மா குரல்பதிவைப் பெரிய சத்தத்திலதான் கேட்டவா. நான் ஒண்டு சொல்லவேணும். எனக்கு முந்தி ஒரு இடம் முற்றாகி, கார்ட் அடிச்சாப் பிறகு நான்தான் வேண்டாமெண்டனான். அதை உங்களுக்கு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம்."

பவானியின் ஐஸ்கிரீம் மேசையில் விழுந்தது.

"எங்கட இவர் நேற்றே வந்து எனக்குச் சொல்லிட்டார் பிள்ளை" என்றார் அந்த அம்மா அமைதியாக. "அதுக்குப் பிறகுதான் நான் வரவேணுமெண்டு நிண்டனான். எனக்கும் ரெண்டு பெட்டைச் சகோதரங்கள் இருந்தவை. நிப்பாட்டத் தெரியாமல்தான் ரெண்டும் கஷ்டப்பட்டதுகள்."

"நேற்றோ? அவருக்கு ஆர் சொன்னது?" என்று பவானி கேட்டாள். குலசேகரம் அண்ணை என்னைப் பார்த்தார். பவானியும் என்னைப் பார்த்தாள்.

"நான் மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லேல்லை. தேத்தண்ணிக் கடையில கண்ட, ஒஸ்லோவில இருந்து வந்த சிவம் எண்ட ஒருத்தருக்குத்தான் சொன்னனான்."

"தேத்தண்ணிக் கடையிலயோ?" அந்த அம்மா புருசனிடம் திரும்பினார். "அங்க நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"தேத்தண்ணி குடிச்சனான்."

என்னைச் சாட்சிக்குப் பார்த்தார். "ஓம் அக்கா, நானும் மூண்டு கிளாஸ் குடிச்சனான்" என்றேன். அதில் பொய் இல்லை.

அதுவரைக்கும் வாய் திறக்காத பொடியன், ஆதவன், ஜேர்மனியில் ரயில் பிரேக் பரிசோதிக்கிற வேலை செய்கிறவன், தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மகளிடம் சொன்னான்: "ஓடத் தொடங்கின ட்ரெயினை நிப்பாட்டிறதுதான் சரியான கஷ்டம். உங்கட பிரேக் நல்ல பிரேக்."

மகள் சிரித்துவிட்டாள். உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பவானி எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. என் பக்கத்தில் இருந்து மெதுவாக, "உங்களுக்கு நான் வீட்டில போய்த் தாறன்" என்றாள். கொஞ்ச நேரத்தில், "மூண்டு வருசம் நெஞ்சில கல்லு" என்று தனக்குத்தானே சொன்னாள்.

நாலு மணிக் கப்பலுக்கு வழியனுப்பப் போனோம். என்ன மறுமொழி சொல்ல என்று பெரியவர்கள் கண்ணால் கேட்டோம். மகள் எங்களைத் தாண்டி ஆதவனிடம் நேரே சொன்னாள்: "இஞ்ச வச்சு நான் ஒண்டும் சொல்லமாட்டன். இந்தக் கடலுக்குப் பக்கத்தில நிண்டால் ஆரும் நல்ல மனிசன்தான். நீங்கள் ஷார்ஜாவுக்கு வாங்கோ. வெயிலுக்க ரோலாவில டுபாய் பஸ்ஸுக்கு என்னோட லைனில நில்லுங்கோ. அதுக்குப் பிறகு சொல்லுறன்."

"ஓகே" என்றான் அவன். கப்பல் போய்விட்டது.

செப்டெம்பர் முடிகிறதற்குள் வந்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம், சூடு தணியாத நேரம், காற்றில் தண்ணீர் நிற்கிற நாள். பஸ் நிலையத்துக்கு எதிரே காசு மாற்றுகிற கடையின் தூணுக்குப் பின்னால் நானும் பவானியும் மரக்கறிப் பையோடு நின்றோம். லைன் தெரு முனை வரைக்கும் போயிருந்தது. மகளுக்குப் பக்கத்தில் அவன். சேட் முதுகோடு ஒட்டிப்போய், மூக்குக் கண்ணாடி ஆவி பிடித்து, அதைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

முதல் பஸ் நிரம்பிப் போனது. இரண்டாவது பஸ்ஸில் அவர்கள் முறை வந்தபோது ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அவன் பின்னால் நின்ற பாகிஸ்தான்காரரைக் கையால் முன்னுக்குக் காட்டினான். அவர் ஏறிக்கொண்டார்.

"மூண்டாவதில இடமிருக்கும்" என்றாள் பவானி.

மூன்றாவது காலியாக வந்தது. கதவு திறந்தது. மகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், கையை ஆட்டி ஆட்டி. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னால் நின்றவர்கள் "யல்லா, யல்லா" என்று சத்தம் போட்டார்கள். இரண்டு பேரும் ஒதுங்கி வழிவிட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே நின்று கதைத்தார்கள்.

"ஏறேல்லை" என்றாள் பவானி. "இஞ்சருங்கோ, ஏறேல்லை."

நாலாவது பஸ்ஸும் வந்து நின்றது. எல்லாரும் ஏறினார்கள். அந்த இரண்டு பேரும் ஏறவில்லை. பவானி என் கையைப் பிடித்தாள். ரோலாவில் இருபத்திரண்டு வருடம் இருக்கிறோம். தெருவில் வைத்து அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.